பன்னிரண்டாவது சாவுக்கு ஒரு பேக்பைப்

என் அண்ணனோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. படத்தில் எங்கேயாவது ஒரு பேக்பைப் தலையைக் காட்டினால் போதும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். "பாரு, பையை வலது கக்கத்துல வச்சிருக்கான். எவனாவது அப்படி வைப்பானா? ஷாட்டை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்காங்க" என்பான். "கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதறான் பாரு, பலூன் விக்கறவன்" என்பான். அழுகைக் காட்சியில் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். இவன் எழுந்து டிவிக்கு முன்னால் நின்று, "அந்த விரலுக்கு அந்தச் சத்தம் வராதுடி, வரவே வராது" என்று பாடம் எடுப்பான். அண்ணி ஒருநாள் தலையணையை எடுத்து அவன் மேல் வீசியே விட்டாள்.

அவன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறான், அங்குள்ள பேண்டில் பேக்பைப் வாசிக்கிறான். நான் டிவி நிலையத்தில் ஒலிக்கலவை செய்கிறவள். இந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு சம்பந்தம் இருக்கிறது. சினிமாவிலும் தொடரிலும் சீருடை போட்டவன் செத்தால் பேக்பைப் வரும். பணக்காரன் செத்தால் பேக்பைப் வரும். ஒரு தொடரில் நாய் செத்ததற்குக்கூட வந்தது. ஊதுகிற ஆள் வேண்டும் என்றால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருஷமாகத் திரையில் ஊதிக்கொண்டிருக்கிறான், ஆனால் அவன் ஊதிய சத்தம் ஒரு தடவைகூடத் திரையில் வந்ததில்லை.

ஏனென்றால் பேக்பைப்புக்கு மெல்ல வாசிப்பது என்பதே கிடையாது. ஊதினால் முழுச் சத்தம், இல்லையென்றால் சத்தமே இல்லை, எங்கள் அம்மாவின் கோபம் மாதிரி. நடுவில் நிறுத்தி நிறுத்தியும் வாசிக்க முடியாது. சவப்பெட்டியின் மேல் விழுந்து கதாநாயகி "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கதறும்போது பக்கத்தில் இது அலறினால் வசனத்தை எப்படிப் பதிவு செய்வது? அதனால் படப்பிடிப்பில் பைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்துவிடுவார்கள். தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் மூன்று ஒத்துக் குழல்களிலும் பஞ்சை அடைத்துவிடுவார்கள். அண்ணன் சும்மா விரலை ஆட்டிக்கொண்டு நடப்பான். சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள்.

யார் சேர்ப்பார்கள்? நான்தான். எங்கள் ஒலி நூலகத்தில் ஒரே ஒரு பேக்பைப் பதிவு இருக்கிறது. எந்த ஊரிலோ யாரோ எப்போதோ வாசித்தது, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. சாவு என்றால் அதுதான். அண்ணனின் விரல் ஒரு மெட்டை வாசிக்கும், நான் இன்னொருவன் சத்தத்தை அதன் மேல் ஒட்டுவேன். "கூடப் பொறந்தவளே இப்படிப் பண்ணா நான் எங்க போய்ச் சொல்றது" என்று சிரிப்பான். சிரிக்கத்தான் செய்வான், ஆனால் அது அவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நிலையத்தில் பெரியப்பா என்றால் ஒருவர்தான். எல்லாத் தொடரிலும் அவருக்குப் பெரியப்பா வேஷம். நூறு எபிசோடுக்குள் சொத்தை எழுதி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். பதினோரு தொடரில் பதினோரு சாவு. பதினோரு பெட்டிக்கும் முன்னால் நடந்தவன் என் அண்ணன். அதிலே ஒட்டிக்கொண்ட சிநேகம் அது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள்ளிருந்து, "டேய், போன பெட்டியைவிட இது கொஞ்சம் அகலம்டா, புரண்டு படுக்கலாம்" என்பார். வசனம் சொல்லும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து இன்னொரு டேக் போகும்.

போன மாதம் அவர் நிஜமாகவே படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் அண்ணனும் போனோம். மூக்கில் குழாய் இருந்தது. அப்போதும் வாய் அடங்கவில்லை.

"இந்தக் குழாயில பஞ்சு அடைக்கலடா, நிஜமாவே காத்து வருது" என்றார். அப்புறம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு தடவை எனக்குப் பொய்யா ஊதிட்ட. நிஜமா ஒரே ஒரு தடவை ஊதிடு. எனக்குக் கேக்காது, தெரியும். என் வீட்டுக்காரி கேக்கணும். பதினோரு தடவையும் டிவி முன்னாடி உக்காந்து பொய்க்கு அழுதவ அவ. நானே பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பேன், அப்பவும் அழுவா. ஒரு தடவையாவது நிஜத்துக்கு அழட்டும்."

"ஊதறேன் பெரியப்பா" என்றான் அண்ணன். 

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அன்றைக்கென்று பார்த்து ஒரு கிடங்கு பற்றிக்கொண்டது. அண்ணன் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. அவன் முகத்தைக் கழுவிவிட்டு வருவதற்குள் இறுதிச் சடங்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதான். "ஒரே ஒரு வேலை சொன்னாருடி அந்த மனுஷன்."

அப்போதுதான் நிலையத்தில் நேரலை அஞ்சலி நிகழ்ச்சி என்றார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி. நானே போய் எங்கள் தயாரிப்பாளரிடம் பேசினேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அவசரம். எதைக் கேட்டாலும் "அவசரம், அவசரம்" என்பார், ஆனால் எதுவும் நேரத்துக்கு நடக்காது. அவசரம் சம்மதித்தார். பெரியப்பாவின் வீட்டுக்காரியை நாங்கள் பெரியம்மா என்போம். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகக் கட்டிலோடு கட்டில். நிலையத்துக்கு வர முடியாது. டிவியில்தான் கேட்பார். அண்ணன் போனில் சொன்னான்: "பெரியம்மா, வியாழக்கிழமை ஊதறேன். நிஜமா ஊதறேன். டிவியைப் போட்டு வையுங்க."

அவன் ஒரு மெட்டை ஒரு வாரம் பழகினான். அவனே கட்டியது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு விரட்டினாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். பேக்பைப்புக்கு உடம்பு சூடாக வேண்டும். அரைமணி நேரமாவது ஊதி, உள்ளே இருக்கும் சீவாளி மூச்சுச் சூட்டில் பதமான பிறகுதான் ஒத்தும் குழலும் ஒன்றோடொன்று சுருதி சேரும். வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று ஊதி எல்லாவற்றையும் சரியாகச் சேர்த்துக்கொண்டான். நான் சன்னலிலிருந்து கேட்டேன். பிரமாதமாக இருந்தது. பத்து இருபதுக்கு அவன் முறை.

பத்து பத்துக்கு நடிகர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஐந்து நிமிஷம் பேச வேண்டியவர். மைக் கிடைத்தால் விடுவாரா? பெரியப்பாவைப் பற்றி மூன்று வாக்கியம், தன்னைப் பற்றி ஐம்பது நிமிஷம். அண்ணனைக் கொண்டுபோய் ஸ்டூடியோவுக்கு வெளியே இடைவழியில் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஏசி நேரே தலையில் இறங்கும், பிணவறை தோற்றது. அவன் பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நிற்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "சார், ரெண்டு நிமிஷம் வெளியே போய் ஊதிட்டு வந்துடறேன்" என்று கேட்டிருக்கிறான். ஃப்ளோர் மேனேஜர், "எந்த நேரம் கூப்பிடுவாங்கன்னு தெரியாது, நகராதீங்க. இங்க ஊதினா உள்ள கேக்கும்" என்று சொல்லிவிட்டார். என்னால் என்ன செய்ய முடியும்? நான் கட்டுப்பாட்டு அறையில் கலவை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் தலைவர் குரல் இரையும், உட்கார்ந்தால் அண்ணன் உறைவான்.

பதினொன்று ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். பெரியப்பாவின் பெரிய படத்துக்கு முன்னால் வந்து நின்றான். பையை ஒரு தட்டுத் தட்டினான், சத்தம் எழுந்தது.

ஐயோ. மூன்று ஒத்தும் மூன்று திசையில் போயின. விரல் வைக்கும் குழல் நாலாவது திசையில் போனது. காதில் ஹெட்போனோடு இருந்த எனக்குப் பல் கூசியது. குளிரில் எல்லாம் இறங்கிப்போயிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவசரம் குதித்தார்.

"என்னம்மா இது? ஆட்டைக் கழுத்துல மிதிச்ச மாதிரி! நூலகத்து ட்ராக் இருக்கில்ல, அதைப் போடு."

"சார், குளிர்ல நின்னதால இப்படி. ஊத ஊதச் சூடாயிடும். ரெண்டே நிமிஷம் குடுங்க சார்."

"நேரலையில ரெண்டு நிமிஷமா? ஊரே சானல் மாத்திடும். போடு!"

"சார், அவர் நிஜமா ஊதணும்னுதான்..."

"நீ போடறியா, இல்ல நான் கையை வைக்கட்டுமா?"

அவர் கையை வைத்தால் மொத்த ஒலியும் போய்விடும். அது ஒரு காரணம். எனக்கு வேலை வேண்டும், அது இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனின் மைக் சானலை இறக்கினேன், பாழாய்ப்போன அந்தப் பதிவை ஏற்றினேன். ஊருக்கு ஒத்து ஊதுகிறவர்களை வாய் கிழியக் கேலி பேசுகிறவள் நான். என் விரல்தான் அதைச் செய்தது.

ஒளிபரப்பில் அவன் சானல் போகவில்லை. ஆனால் என் ஹெட்போனில் மட்டும் அதைக் கேட்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஆனது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு நீண்ட சுரத்தில் நின்றுகொண்டு, ஒரு கையை மட்டும் மேலே கொண்டுபோய் ஒத்துக் குழலைச் சற்றே இழுத்துவிட்டான். திரையில் ஒரு கை குழலிலேயே இல்லை, ஊருக்குக் கேட்ட பாட்டோ ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் இரண்டாவது குழலைத் தொட்டான், மூன்றாவதைத் தொட்டான்.

சேர்ந்துகொண்டது. அதை எப்படிச் சொல்வது? மூன்று ஒத்தும் ஒரே சத்தமாகி, அதன் மேல் அவன் மெட்டு ஏறி நடந்தது. இருபது வருஷமாக அவன் வாசிப்பதைக் கேட்கிறேன், அப்படி வாசித்ததில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான். எனக்குக் கண்ணீர் தாரையாக வந்தது. ஹெட்போனைக் கழற்றி அவசரத்தின் காதில் வைத்தேன்.

"இப்பக் கேளுங்க சார். இதைக் கேளுங்க."

கேட்டார். நல்ல மனுஷன்தான், முகம் மாறியது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இப்ப எப்படிம்மா மாத்துவே? அது ஒரு பாட்டு, இது ஒரு பாட்டு. நடுவுல மாத்தினா இவ்வளவு நேரம் ஏமாத்தினோம்னு தெரிஞ்சிடாதா?"

தெரிந்துவிடும். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. நூலகத்துப் பாட்டு இரண்டு நாற்பதில் முடிந்தது. அண்ணன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான். கேமராவைப் பெரியப்பாவின் படத்துக்குத் திருப்பச் சொன்னார்கள், பிறகு விளம்பரம். மீதியை நான் ஒருத்தி கேட்டேன். ஒளிபரப்பாவது மட்டும்தான் பதிவாகும், அதனால் அது எங்கேயும் இல்லை.

வெளியே வந்தவன் வியர்த்துக் கிடந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆரம்பம் சொதப்பிடுச்சு, இல்ல? அப்புறம் பிடிச்சுட்டேன். பிடிச்சுட்டேன்டி. பெரியம்மா கேட்டிருப்பாங்க."

"அண்ணா, நீ வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துது" என்றேன். அதில் பொய் இல்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன். என் கோழைத்தனம் அது.

அண்ணி பதிவு செய்து வைத்திருந்தாள். ஆறு மணிக்கு எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டாள். "முதல் தடவையா உங்க சத்தம் டிவியில!" என்று கைதட்டினாள். அண்ணன் பையைத் தட்டும் காட்சி வந்தது, சத்தம் எழுந்தது, தாறுமாறாக. மூன்று விநாடி. அப்புறம் வழுக்கிக்கொண்டு மற்றது.

அவனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் எழுந்திருக்கவில்லை. விளக்கவில்லை. முழுக்கப் பார்த்தான். அண்ணி, "கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க" என்றாள். "ம்" என்றான். தண்ணீர் குடிப்பது போலச் சமையலறைக்குப் போனான், நானும் பின்னாலேயே போனேன்.

"யாரு இறக்கினது?"

"நான்தான். அவர் போடச் சொன்னாரு. ஆனா கை என்னோடது."

குழாயைத் திறந்தான், மூடினான். "பெரியம்மாவுக்கு என்ன கேட்டிருக்கும்?"

"டிவியில வந்ததுதான்."

மறுபடி குழாயைத் திறந்தான், ஒரு டம்ளர் பிடித்து அப்படியே கொட்டினான். அவன் என்னை அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறோம். நேர்ல ஊதிடறேன். நீயும் வா" என்றான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இதை ஏன் நான் யோசிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை தீயணைப்பு நிலையத்து முற்றத்தில் முக்கால் மணி நேரம் ஊதினான். எல்லாம் சேர்ந்த பிறகு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். காரில் ஏசி போட வேண்டாம் என்றான். வெந்துபோனோம், பரவாயில்லை. நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. பெட்டியைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

பார்த்துக்கொள்ளும் பெண் கதவைத் திறந்தாள். சின்ன அறை. கட்டில், மருந்து மேஜை, எதிர்ச் சுவரில் டிவி. பெரியம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"வா கண்ணு, வா. உன்னைத்தான் நினைச்சுட்டே இருந்தேன். அம்மாடி, நீயும் வந்தியா, உக்காரு."

அண்ணன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான். "பெரியம்மா, அன்னிக்கு டிவியில வந்தது..."

"நீ பேசாதே. நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் மூச்சு வாங்கும்." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் போனதிலேர்ந்து எனக்கு அழுகையே வரல தம்பி. எல்லாரும் வந்து அழுதாங்க, நான் மரம் மாதிரி கிடந்தேன். பதினோரு தடவை அழுது தீர்த்துட்டேன் போலிருக்கு, இனிமே வராதுன்னு நினைச்சேன். அன்னிக்கு நீ ஊதினே பாரு. முதல்ல ஒரு மாதிரி கரகரன்னு வந்துது. அப்புறம் எடுத்தே பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாடகத்துல வர்ற சத்தத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் எனக்கா தெரியாது? பதினோரு தடவை கேட்ட காது இது. இதுதான் நிஜம். அப்பத்தான் அழுதேன். அவர் போயிட்டாருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அந்த நாலாவது மாடியிலிருந்து அப்படியே கீழே போய்விட வேண்டும்போல இருந்தது.

"பெரியம்மா, இன்னொரு தடவை ஊதட்டுமா? கொண்டு வந்திருக்கேன். உங்களுக்கு மட்டும்."

"வேண்டாம் கண்ணு."

"ஒரே ஒரு தடவை. நேர்ல கேட்டா..."

"ஒரே ஒரு தடவைன்னுதானே அவர் கேட்டாரு? நீ வாக்கைக் காப்பாத்திட்ட. மறுபடி ஊதினா அது இன்னொரு டேக் எடுத்த மாதிரி ஆயிடும். அவர் எத்தனை டேக் செத்திருக்காரு, போதும்." சிரித்தார். கண் நிறைந்தது. "எனக்கு எப்ப வேணும்னாலும் கேக்கலாம். இந்தப் பொண்ணு பதிவு பண்ணிக் குடுத்திருக்கா. தினம் கேக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான், வலிக்கிற மாதிரி. சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாவின் அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா?

"நீயும் உக்காந்து ஒரு தடவை கேளு தம்பி. ஊதறவனுக்குத் தன் சத்தம் முழுசாக் கேக்காதாமே, அவர் சொல்லுவாரு."

பார்த்துக்கொள்ளும் பெண் போட்டாள். திரையில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கட்டிலோரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டான். பெரியம்மா அவன் தோளில் தட்டி ரிமோட்டைக் கொடுத்தார்.

"சத்தம் கம்மியா இருக்கு. கூட்டு."

கூட்டினான்.

"இன்னும் கொஞ்சம் கூட்டு கண்ணு."

அண்ணன் இன்னும் கூட்டினான்.